பெருங்காய டப்பாவில் இருந்த பவுன்

யாழ்ப்பாணத்தில் நான் நுழைந்த முதல் நகைக்கடையில் என்னை உட்கார வைத்துத் தேத்தண்ணீர் கொடுத்தார்கள். நகை ஒன்றையும் காட்டவில்லை. கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தாலிக்கொடி பார்க்க வேண்டும் என்று மறுபடியும் சொன்னேன். மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற பெண் சிரித்துக்கொண்டே, “மற்ற ஆக்கள் வரட்டும் ஐயா, வந்தாப்பிறகு எல்லாத்தையும் எடுத்துக் காட்டுறம்,” என்றாள். மற்ற ஆட்கள் என்று யாரும் இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. வாசல் வரை போய்த் தெருவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. கொடி எடுக்க ஒற்றை ஆளாக யார் போகிறார்கள்? திருச்சியில் ஒரு மூக்குத்தி எடுக்கவே வேன் பிடித்துப் போகிறவர்கள் நாங்கள். சித்தி, அத்தை, எதிர்வீட்டு மாமி, மாமியின் பேத்தி எல்லோரும் வருவார்கள். அந்தக் கூட்டத்தில் எனக்கு நிரந்தரமான ஓர் இடம் உண்டு. கடை வாசலை ஒட்டிய நாற்காலி. பையும் குடையும் என் மடியில். உள்ளேயிருந்து என் மனைவி கமலா ஒரு சங்கிலியைத் தூக்கிப் பிடித்து, “எப்படிங்க இருக்கு?” என்பாள். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே, “நல்லாருக்கு,” என்பேன். முப்பத்தாறு வருடம் இந்த ஏற்பாடு எந்தக் குறையும் இல்லாமல் நடந்தது. கமலா போய் மூன்று வருடம் ஆகிறது.

இப்போது கொடி வேண்டியிருப்பது எங்கள் ஒரே மகன் அசோக்குக்கு. மெல்போர்னில் வேலை. பெண் பெயர் நிரோஷா, அங்கேயே வளர்ந்தவள், பெற்றோர் யாழ்ப்பாணத்துக்காரர்கள். கல்யாணம் மெல்போர்னில். எனக்கு விசா கிடைக்கவில்லை. வீட்டில் தனியாக இருக்கிற அறுபத்தாறு வயதுக்காரன் திரும்பி வருவான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று நினைத்திருப்பார்கள். என்னைக் கேட்டிருந்தால் எனக்கும் சொல்லத் தெரிந்திருக்காது.

பெண் வீட்டார் கேட்டது ஒன்றே ஒன்று. அவர்கள் வழக்கப்படி தாலிக்கொடி மாப்பிள்ளை வீட்டார் செய்வது. அது யாழ்ப்பாணத்தில் செய்ததாக இருந்தால் சந்தோஷம் என்றார்கள். பெண்ணின் சித்தப்பா யாழ்ப்பாணத்திலிருந்து பத்து நாளில் கல்யாணத்துக்குக் கிளம்புகிறார், அவர் கையில் சேர்த்துவிட்டால் போதும். அசோக் பணத்தை அனுப்பிவிட்டு, “ரெடிமேடா கிடைக்கும்ப்பா, போனோமா வாங்கினோமான்னு வந்துடுங்க,” என்றான்.

அவனிடம் நான் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. அவன் பிறந்த வருடம் கமலா ஒரு பவுன் காசு வாங்கினாள். பீரோவில் வைத்தால் திருடன் எடுப்பான் என்று பெருங்காய டப்பாவில் போட்டு அடுப்படி மேல்தட்டில் வைத்தாள். “இது இவன் கட்டப்போற தாலிக்கு. வேற எதுக்கும் தொடக்கூடாது,” என்று சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் இரண்டு முறை ஞாபகப்படுத்தினாள். அந்தக் காசு தாலியாக வேண்டும். நான் கடல் தாண்டி வந்தது அதற்காகத்தான். டப்பாவோடு எடுத்து வந்திருந்தேன்.

ஒருவழியாகத் தட்டுகள் வந்தன. யாழ்ப்பாணத்துக் கொடி நம் ஊர்த் தாலிச் சங்கிலி மாதிரி இல்லை. கயிறு போல முறுக்கிய கனமான கொடி, நடுவில் தாலி, இரண்டு பக்கமும் காசுகள். ஒரு தட்டில் பதினைந்து கொடிகள் வரிசையாகப் படுத்திருந்தன. எனக்கு எல்லாம் ஒன்றாகவே தெரிந்தது. கமலா இருந்தால் முதலில் நகையைக் குப்புறப் போடுவாள். முன்பக்கம் ஊர் பார்க்கிறதுக்கு, பின்பக்கம் போட்டுக்கிறவளுக்கு என்று விற்பனைப் பையன்களிடம் சண்டைக்குப் போவாள். எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

காசைப் பற்றிச் சொன்னதும் ஓர் இளைஞர் நிறுத்துப் பார்க்கிறேன் என்று உள்ளே கொண்டு போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு துண்டுச் சீட்டுதான் இருந்தது. இதைக் கொடியின் விலையில் கழித்துக்கொள்ளலாம் என்றார். காசு எங்கே என்று கேட்டேன். பழைய தங்கத்தோடு சேர்த்துவிட்டோம், மொத்தமாக உருக்க அனுப்புவோம் என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கமலாவின் காசு ஒரு பக்கம் போய்விடும், யாருடைய தங்கத்திலோ செய்த கொடி என் கைக்கு வரும். தங்கம் எல்லாம் தங்கம்தான் என்று கடைக்காரர் நினைப்பதில் தப்பே இல்லை. ஆனால் எனக்கு அது போதாது.

திருப்பிக் கேட்டேன். அவர் முகம் கோணாமல் போய் ஒரு சின்னத் தட்டோடு வந்தார். தட்டில் ஐந்து காசுகள். காலையில் வேறு யாரோ மாற்றக் கொடுத்தவையும் என்னுடையதும் கலந்துவிட்டன. “எல்லாம் ஒரே பவுண்தான் ஐயா, விரும்பினதை எடுங்கோ,” என்றார்.

முப்பத்திரண்டு வருடம் என் வீட்டு அடுப்படியில் இருந்த காசு. அதில் ஒரு தலை இருக்கும் என்று மட்டும் எனக்குத் தெரியும். ஐந்திலும் தலை இருந்தது. என்னுடையதில் கிரீடம் இருந்ததா, இல்லையா, ஆணா பெண்ணா, ஒன்றும் ஞாபகம் இல்லை. அந்தக் காசை நான் ஒருநாளும் பார்த்ததே இல்லை என்று அந்த மேசை முன்னால் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

வேறு வழி தெரியாமல் ஒவ்வொன்றாக எடுத்து மூக்கருகே கொண்டு போனேன். முதலாவதில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் யார் வீட்டுச் சந்தனமோ. மூன்றாவதும் வெறும் உலோகம். நான்காவது காசின் விளிம்பில், பல் பல்லாக வெட்டியிருக்கும் இடத்தில், பெருங்காயம். டப்பாவைத் திறந்து ஒருமுறை முகர்ந்து, காசை ஒருமுறை முகர்ந்து, சரிபார்த்துக்கொண்டேன். கடையே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த இளைஞரிடம் நீட்டினேன். அவரும் மரியாதைக்கு முகர்ந்து பார்த்துவிட்டு, “ஓம், ரசம் மணக்குது,” என்றார். காசை டப்பாவில் போட்டு மூடி, டப்பாவைக் கைக்குட்டையில் கட்டி வெளியே வந்தபோது என் சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது.

நான் தங்கியிருந்தது சுன்னாகத்தில், வெங்காயத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு வீட்டின் முன்னறை. வீட்டுக்காரம்மா யோகேஸ்வரிக்கு ஐம்பது வயதிருக்கும். அன்று இரவு புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்தார். எங்கள் ஊரில் புட்டு என்றால் சர்க்கரையும் தேங்காயும் போட்ட இனிப்புப் பண்டம். கத்தரிக்காய் என்றால் காரம். இங்கே இரண்டும் இடம் மாறியிருந்தன. நான்கு வாய்க்குப் பிறகு நாக்கு சமாதானமானது. சொதி என்ற மஞ்சள் நிறத் தேங்காய்ப்பால் குழம்பை ஊற்றிக்கொண்டே, “ஏன் ஐயா தனிய வந்தனீங்கள்? ஒருத்தரும் கூட வரேல்லையோ?” என்று கேட்டார். பஸ் கண்டக்டரும் காலையில் இதையேதான் கேட்டிருந்தார், டிக்கெட் கொடுக்கும்போது. இந்த ஊரில் தனியாக இருப்பது ஒரு காய்ச்சல் மாதிரி, பார்க்கிறவர்கள் எல்லாம் விசாரிக்கிறார்கள்.

கடையில் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தாலிப் பொன்னைக் கடையில் கொடுக்கிறதா என்று கேட்டார். தன் மகளுக்குக் கொடி செய்த பத்தர் ஒருவர் புத்தூரில் இருக்கிறார், பொற்கொல்லரை அங்கே பத்தர் என்பார்கள், அவரிடம் போகச் சொன்னார். அன்று படுக்கும் முன் காசை வெளியே எடுத்து முதன்முறையாகப் பார்த்தேன். கிரீடம் இல்லை. தாடி வைத்த ஒரு ராஜா, இடது பக்கம் பார்க்கிறார். மறுபக்கம் குதிரைமேல் ஒருவன். குதிரையின் வால் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது.

புத்தூர்ப் பத்தர் வயசாளியாக இருப்பார் என்று எதிர்பார்த்துப் போனேன். நாற்பது வயது ஆள், ஜீன்ஸ், நெற்றியில் மேலே தள்ளிவிட்ட லென்ஸ். மேசையில் இரண்டு போன்கள் மாறி மாறி அடித்தன. ஒன்றில் கனடா, ஒன்றில் லண்டன். எல்லோருக்கும் ஆவணிக்குள் கொடி வேண்டுமாம். எனக்கு நேரம் ஒதுக்குவாரா என்பதே சந்தேகமாக இருந்தது. கொஞ்சம் இருங்கோ என்று ஒரு கதிரையைக் காட்டினார். கதவோரக் கதிரைதான். பழக்க தோஷத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்து மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

யாருக்கோ செய்து முடித்த ஒரு கொடி அங்கே கிடந்தது. கேட்டுக்கொண்டு கையில் எடுத்தேன். கமலா என்ன செய்வாள் என்று யோசித்தேன். அவள் கடைக்குள் இருந்த நேரமெல்லாம் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்ததாகத்தான் இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். கண்ணுக்குத் தெரியாமல் என்னவோ உள்ளே போயிருக்கிறது. கொடியை ஒரு விரலில் தொங்கவிட்டேன். நல்ல வேலை என்றால் தண்ணீர் ஒழுகுவது போல நேராக விழும், மட்டமான வேலை எங்காவது திருகி நிற்கும். இது நேராக விழுந்தது. குப்புறத் திருப்பினேன். பின்பக்கமும் முன்பக்கம் மாதிரியே இருந்தது, பற்றவைத்த இடம் எதுவென்று தெரியவில்லை. முன்கை ரோமத்தின் மேல் மெதுவாக இழுத்தேன். எங்கேயும் பிடிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கொக்கியைப் பத்துத் தடவை மாட்டிக் கழற்றினேன். பத்தாவது தடவையும் முதல் தடவை மாதிரியே சத்தம் வந்தது. பிறகு ட்யூப்லைட்டை நம்பாமல் வாசல் வெயிலுக்குக் கொண்டு போனேன்.

திரும்பி வந்தபோது பத்தர் போனை வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நகை வியாபாரமா என்று கேட்டார். ரயில்வே பார்சல் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவன் என்றேன்.

கணக்கைச் சொன்னேன். கமலாவின் காசு ஒரு பவுன், அசோக் பணத்தில் ஏழு, ஆக எட்டுப் பவுனில் கொடி. அவர் தலையை ஆட்டினார். எட்டு ஆகாது. கொடி என்றால் ஒற்றைப்படைதான். ஏழு, ஒன்பது, பதினொன்று. இரட்டையில் தான் செய்வதில்லை என்றார். நான் எங்கள் ஊரில் அப்படி ஒன்றும் இல்லையே என்று இழுத்தேன். “கட்டுறது எங்கடை பிள்ளையின்ரை கழுத்திலை தானே, ஐயா,” என்றார்.  கமலாவின் காசோடு சேர்த்து ஏழு என்று முடிவு செய்தோம்.

பிறகு காசைப் பற்றிச் சொன்னேன். இந்தக் காசே தாலியாக வேண்டும், வேறு தங்கம் கலக்கக்கூடாது என்று, கடையில் பட்ட சூட்டில் இரண்டு முறை சொன்னேன். அவருக்கு அது புது விஷயமே இல்லை. அப்படித்தானே செய்வது என்றார். பொன்னுருக்கல் என்று ஒரு சடங்கு. நல்ல நேரம் பார்த்து, மாப்பிள்ளை வீட்டில், எல்லோர் முன்னாலும் பத்தர் வந்து அந்தக் காசை உருக்கி, உருக்கிய பொன்னைத் தட்டில் வைத்துக் காட்டுவார். அந்தப் பொன்னில்தான் தாலி. முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால் கமலா நினைத்தது, அவள் பார்த்தேயிராத ஊரில் வழக்கமாகவே இருந்திருக்கிறது.

“மாப்பிளை வீடு எங்கை?” என்று கேட்டார்.

திருச்சி என்றேன். பையன் மெல்போர்ன் என்றேன். நான் மட்டும் சுன்னாகத்தில் ஓர் அறையில் இருக்கிறேன் என்றேன். மாப்பிள்ளையின் தாய் இல்லை, தாய்மாமன் இல்லை, வேறு யாரும் வரவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. பார்சல் ஆபீஸில் வந்து சேராத மூட்டைகளை இப்படித்தான் வாசிப்போம்.

அவர் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தார். “அப்ப அந்த அறைதான் மாப்பிளை வீடு. புதன்கிழமை காலமை வாறன்,” என்றார்.

யோகேஸ்வரியிடம் சொன்னபோது அவர் முதலில் கேட்டது எத்தனை தேங்காய் வேண்டும் என்பதைத்தான். புதன்கிழமை நான் எழுவதற்குள் அறையைக் கழுவி, நிறைகுடம் வைத்து, குத்துவிளக்கு ஏற்றி, என் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி மறைத்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் பட்டுச் சேலையில் வந்தார்கள். அவருடைய கணவர் தோட்டத்துக்குப் போகாமல் வேட்டி கட்டிக்கொண்டு, இல்லாத தாய்மாமனின் இடத்தில் நின்றார். எனக்கு அவர்களில் யாரையும் ஒரு வாரத்துக்கு முன்பு தெரியாது. எல்லோரும் அவரவர் இடம் தெரிந்து நின்றார்கள். கல்யாண வீட்டில் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றவன் மாப்பிள்ளையின் அப்பாதான்.

வெற்றிலைத் தட்டில் காசை வைத்து அசோக் கொடுக்க வேண்டியது. அவன் போனில் இருந்தான். யோகேஸ்வரியின் கணவர் போனை நிறைகுடத்தின் மேல் சாய்த்து வைக்கப் பார்த்தார், பிறகு கையிலேயே பிடித்துக்கொண்டார். அசோக்குக்காக நான் தட்டைக் கொடுத்தேன். பத்தர் மற்ற நாளில் காஸ் சுடரில் வேலை செய்கிறவர், இதற்கு மட்டும் தேங்காய்ச் சிரட்டைக்கரி கொண்டு வந்திருந்தார். மூசை என்ற சின்ன மண் கிண்ணத்தில் காசை வைத்து ஊத ஆரம்பித்தார்.

காசு சிவந்தது. ராஜாவின் தாடி மங்கும் முன்பே அது வந்தது. ஒரே ஒரு மூச்சுதான். விளிம்புப் பற்களுக்குள் இத்தனை வருடம் பதுங்கியிருந்தது சூடு பட்டதும் எழுந்து அறை முழுக்கப் பரவியது. பட்டுச் சேலைக்காரப் பெண்களில் ஒருவர், “ஆரோ பெருங்காயம் பொரிக்கினம்,” என்று சமையற்கட்டுப் பக்கம் திரும்பினார். அங்கே யாரும் பொரிக்கவில்லை. திருச்சியில் எங்கள் வீட்டில் காலை ஏழரை மணிக்கு, அசோக் பள்ளிக்கூடத்துக்கு ஷூ மாட்டிக்கொண்டிருக்கும்போது, தாளிக்கும் கரண்டியிலிருந்து வரும் அதே வாசனை. மூன்று வருடமாக அந்த வீட்டில் அது இல்லை. நான் எனக்குச் சமைக்கிறபோது பெருங்காயம் போடுவதில்லை, அந்த டப்பாவைத் திறக்க மனம் வராது. எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

“என்னப்பா ஆச்சு?” என்று போனிலிருந்து அசோக் கேட்டான். அவனுக்கு நெருப்பும் நாலைந்து தலைகளும் தெரிந்திருக்கும். வாசனை போனில் போகாது. இந்த உலகத்தில் அது என்ன வாசனை என்று தெரிந்த இன்னொரு மூக்கு அவனுடையதுதான், அது ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தது. “ஒண்ணுமில்லடா, புகை,” என்றேன்.

உருகிய பொன்னைப் பத்தர் தட்டில் வைத்துக் கொடுத்தார். புளியங்கொட்டை அளவு. யோகேஸ்வரி வாங்கி எல்லோருக்கும் காட்டினார், போனுக்கும் காட்டினார். தேங்காய் உடைத்தார்கள். இனித் தாலி கட்டும்வரைக்கும் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்க்கக்கூடாது, மகனிடம் சொல்லிவிடுங்கள் என்றார் பத்தர். அந்த நேரம் பார்த்துத் திரையில் அசோக்கின் தோளுக்குப் பின்னால் நிரோஷா காபிக் கோப்பையோடு போனாள். நான் போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சொல்லிவிடுகிறேன் என்றேன்.

கொடி முடிய ஐந்து நாள் ஆகும். அந்த ஐந்து நாளும் எனக்கு ஒரு வேலையும் இல்லை. சுன்னாகம் சந்தையில் சின்ன வெங்காய மூட்டைகளுக்கு நடுவே நடந்தேன். யாரும் கேட்காமலே மூட்டைகளின் தையலைச் சோதித்தேன். டீக்கடையில் சர்க்கரை போடாத தேத்தண்ணீரும் ஒரு துண்டு பனங்கட்டியும் கொடுப்பார்கள். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டே குடிக்க வேண்டும். நான் அதைத் தேத்தண்ணீரில் போட்டுக் கலக்கினேன். கடைக்காரர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

மூன்றாம் நாள் யாழ்ப்பாணம் டவுனுக்குப் போகலாம் என்று சுன்னாகம் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். முப்பத்தைந்து வருடம் ரயில்வேயில் குப்பை கொட்டியவன் எதிர்த்திசை ரயிலில் ஏறி உட்கார்ந்திருக்கிறேன். காங்கேசன்துறையில் தண்டவாளம் முடிந்து, எல்லோரும் இறங்கி, துடைக்கிறவர் வந்து என் காலடியில் துடைப்பத்தை நீட்டியபோதுதான் தெரிந்தது. இதைச் சொல்லிச் சிரிக்க ஓர் ஆள் இல்லையே என்றுதான் இருந்தது. கமலா என்றால் பத்து வருடத்துக்குச் சொல்லிக் காட்டுவாள்.

வந்தது வந்தோம் என்று ஓட்டோ பிடித்துக் கீரிமலைக்குப் போனேன். கடலை ஒட்டி ஒரு கேணி. மதிலுக்கு அந்தப் பக்கம் உப்புத் தண்ணீர் அடிக்கிறது, இந்தப் பக்கம் நல்ல தண்ணீர் ஊறுகிறது. இறந்தவர்களுக்குச் செய்ய வருகிறவர்கள் படியில் உட்கார்ந்திருந்தார்கள். ஈர வேட்டியோடு ஒருவர் பக்கத்தில் வந்து, “ஆருக்கு ஐயா செய்ய வந்தனீங்கள்?” என்று கேட்டார். யாருக்கும் இல்லை, குளிக்கத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு மனசு கேட்கவில்லை. ரயில் மாறி வந்தவன் என்ன பதில் சொல்வது? மூன்று முறை முங்கினேன். மூன்றாவதை மட்டும் கமலா பேர் சொல்லி முங்கினேன். துண்டு கொண்டு போகாததால் வெயிலில் நின்று காய்ந்தேன்.

ஐந்தாம் நாள் புத்தூருக்குப் போனபோது பத்தர் கொடியை ஒரு வெற்றிலையின் மேல் வைத்துக் கொடுத்தார். நடுவில் பிள்ளையார் தாலி, நகத்தளவு. அந்தப் புளியங்கொட்டை. பக்கத்தில் சிவப்பு வெல்வெட் பெட்டி ஒன்றும் திறந்து வைத்திருந்தார். கதிரையைக் காட்டினார். நான் உட்காரவில்லை.

விரலில் தொங்கவிட்டேன். நேராக விழுந்தது. குப்புறத் திருப்பினேன். பிள்ளையாரின் முதுகுப் பக்கத்தையும் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தார். முன்கையில் வைத்து மெதுவாக இழுத்தேன். கொக்கிக்கு இரண்டு வளையம் தள்ளி ஓர் இடத்தில் ரோமம் ஒன்று பிடித்தது. மறுபடி இழுத்தேன். மறுபடியும் பிடித்தது. வாசல் வெயிலுக்குப் போய்ப் பார்த்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. சொல்வதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் நின்றேன். இரவு பகலாகச் செய்தவர், போன் போட்டவர்களை எல்லாம் காக்க வைத்துச் செய்தவர். ஆனால் நிரோஷாவின் பிடரி முடி ஆயுசுக்கும் அதில் மாட்டும்.

“இங்க ஒரு பிசிறு இருக்குங்க,” என்றேன்.

அவர் லென்ஸை இறக்கிக்கொண்டு பார்த்தார். அந்த இடத்தை விரலால் தடவினார். பிறகு, “ஓம், இருக்குது,” என்று சொல்லி அரத்தை எடுத்தார். நாலே இழுப்பு. தங்கப் பொடியை ஒரு தாளில் தட்டி, என் பக்கம் நகர்த்தி வைத்தார். “இப்ப எப்பிடி இருக்குது, ஐயா?”

மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். பின்பக்கம், முன்பக்கம், கொக்கி, வெயில், முன்கை. அவசரப்படவில்லை.

“நல்லாருக்கு,” என்றேன்.

முப்பத்தாறு வருடம் வாசல் நாற்காலியிலிருந்து சொன்ன அதே வார்த்தை. பார்த்துவிட்டுச் சொன்னது இது ஒன்றுதான். கேட்க வேண்டியவள் இல்லை. பத்தர் தலையை ஆட்டிவிட்டு, அடிக்கிற போனை எடுத்தார்.

அன்று சாயங்காலம் பெண்ணின் சித்தப்பா யோகேஸ்வரி வீட்டுக்கு வந்தார். காத்திருக்கும்போது நான் வெல்வெட் பெட்டியிலிருந்து கொடியை எடுத்து, வெள்ளைத் துணியில் சுற்றி, பெருங்காய டப்பாவில் சுருட்டி வைத்து மூடிவிட்டேன். நன்றாகவே அடங்கியது. மருமகள் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும், கழுவினால் போய்விடும். சித்தப்பா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அந்தப் பெட்டியிலேயே தரலாமே என்றார். இதிலேயே கொண்டு போங்கள், அசோக் கையில் கொடுங்கள், அவனே திறக்கட்டும் என்றேன்.

திருச்சிக்கு வந்து எட்டாம் நாள் அசோக் போன் செய்தான். ஹலோ என்றேன். பதில் இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை. அவன் மூச்சு விடுவது கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“டப்பாவை எனக்கு அனுப்பிட்டீங்களே,” என்றான். “உங்களுக்குப்பா?”

வெல்வெட் பெட்டியை அடுப்படி மேல்தட்டில் டப்பா இருந்த இடத்தில் வைத்திருந்தேன். அதைப் பார்த்துக்கொண்டே, அடுப்பில் ரசம் கொதிக்கிறது, பெருங்காயம் போட வேண்டும், அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.